விஞ்ஞானப் புத்தகத்துக்குள் ஒரு காதல் நாவல்

எங்களில் ஒருத்தி ஓ.எல். படிக்கும்போது விஞ்ஞானப் புத்தகத்துக்குள் ரமணிசந்திரன் நாவலை வைத்து வாசித்துப் பிடிபட்டாள். பிடித்தது ரீச்சர் இல்லை, அம்மா. பின்னேரம் ஐந்து மணிக்குப் பிள்ளை மேசையில் இருந்து இவ்வளவு அமைதியாக விஞ்ஞானம் படித்ததை அம்மா அதற்கு முன் கண்டதே இல்லையாம். அதனால்தான் சந்தேகம் வந்தது. "இதுகளை வாசிச்சு மண்டை பழுதாகப் போகுது" என்று பேசிவிட்டு, நாவலைப் பறித்து அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டா. இரண்டு நாள் கழித்து இவள் கதிரை வைத்து ஏறிப் பார்த்தால் புத்தகம் அங்கே இல்லை. அம்மாவின் தலையணைக்குக் கீழே இருந்தது. 96ஆம் பக்கத்தில் மூலை மடித்தும் இருந்தது.

இந்தக் கதையை நாங்கள் கூடுகிற நேரமெல்லாம் சொல்லிச் சிரிப்போம். ஆனால் அண்மையில் ஒருநாள் சிரித்து முடிய அவளே கேட்டாள்: "அம்மாவும் வாசிச்சவா, நானும் வாசிச்சனான். ஒரே வீடு, ஒரே புத்தகம். ஆனா அதைப் பற்றி நாங்க ரெண்டு பேரும் ஒரு வசனம்கூடக் கதைக்கேல்லையே. ஏன்?"

யாரிடமும் மறுமொழி இருக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியில் இருந்துதான் வந்தது.

எங்கட வீடுகளில் புத்தகத்துக்கு நல்ல மரியாதை. கால் பட்டால் தொட்டுக் கும்பிடுகிறோம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதையும் அதில் அழிந்த ஏறத்தாழ 97,000 நூல்களையும் பற்றி, அந்த இரவுக்குப் பிறகு பிறந்த எங்களுக்கு அம்மா அப்பாமார் குரல் தழுதழுக்கச் சொல்லித் தந்திருக்கிறார்கள். இப்படிப் புத்தகத்துக்காக அழுத சனத்துக்குள்தான், ஒரு பெட்டை கையில் காதல் நாவலோடு இருந்தால் "குப்பை வாசிக்கிறாள்" என்று பேச்சு வாங்குகிறாள்.

அதே வீட்டில் அண்ணா ராஜேஷ்குமாரின் கொலைக்கதைகளை அடுக்கி வைத்து வாசிப்பார். அது பொழுதுபோக்கு. கிரிக்கெட் மட்ச் ஒன்றுக்கு முழுநாளும் போகும். அதுவும் பொழுதுபோக்கு. பொன்னியின் செல்வனில் வந்தியத்தேவனும் குந்தவையும் காதலித்தால் அது இலக்கியம், பரிசளிப்பு விழாவில் மேடையில் வைத்துக் கொடுப்பார்கள். ஒரு குடும்ப நாவலில் வருகிற இரண்டு பேர் காதலித்தால் மட்டும் பிள்ளை கெட்டுப்போய்விடும்.

மற்றவர்களை மட்டும் குறை சொல்லிவிட்டு நாங்கள் தப்ப ஏலாது. கம்பஸ் போய் நாலு 'தீவிர' எழுத்தாளர்களின் பெயர் வாயில் வந்தவுடன் நாங்களும் இதைத்தான் செய்தோம். "இன்னும் அதையே வாசிக்கிறீங்க?" என்று பழைய சிநேகிதிகளைக் கேட்டோம். கேட்டபோது முகத்தில் ஒரு சிரிப்பும் வைத்திருந்தோம். அந்தச் சிரிப்புக்காக இப்போது வெட்கப்படுகிறோம்.

ஏனென்றால் எங்களை வாசகர்கள் ஆக்கியதே அந்தப் புத்தகங்கள்தான். ரமணிசந்திரன் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். எங்கட ஊர் வாசிகசாலையில் அவருடையதும் அவரைப் போல எழுதுகிற மற்றவர்களுடையதும் ஒரு ராக்கை முழுக்க இருக்கும். அட்டை கிழிந்து, செலோடேப் ஒட்டி, அந்த செலோடேப்பும் மஞ்சளாகிப் போன புத்தகங்கள். பின்பக்கத்தில் திகதி குத்துகிற துண்டை எடுத்துப் பாருங்கள். பெரிய பெரிய பெயர்களின் புத்தகங்களில் மூன்று திகதி இருக்கும், கடைசித் திகதி நாலு வருடத்துக்கு முந்தியது. குடும்ப நாவலில் ஒரு துண்டு நிரம்பி, அதற்கு மேலே இன்னொரு துண்டு ஒட்டியிருக்கும்.

உள்ளே இன்னொரு விசயமும் இருக்கும். பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் யாரோ எழுதியிருப்பார்கள்: "இவனுக்கு ஏன் இவ்வளவு கோவம்?" அதற்குக் கீழே வேறு கையெழுத்தில்: "பொறுங்கோ, 140இல தெரியும்." 140ஆம் பக்கத்துக்குப் போனால் மூன்றாவது கையெழுத்து: "இதெல்லாம் ஒரு காரணமா!" வாசிகசாலைப் புத்தகத்தில் எழுதக்கூடாது, சரிதான். ஆனால் எங்கட ஊரில் காதல் நாவல் பற்றி நடந்த ஒரே இலக்கியக் கலந்துரையாடல் அந்த ஓரங்களில்தான் நடந்தது. பெயர் போடாமல், பென்சிலால், அழித்துவிடக் கூடிய மாதிரி.

இந்தப் புத்தகங்களை யார், எப்போது வாசிக்கிறார்கள் என்று கொஞ்சம் கவனித்தால் வேறொன்றும் விளங்கும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின காலம் ஞாபகம் இருக்கும். கடுதாசி இல்லை என்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளி வைத்தார்கள். புதுப்புத்தகம் வாங்குவதை யாரும் நினைக்கவே இல்லை. அந்த நாட்களில் காஸ் வரிசையில் சிலிண்டரை வைத்துவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே குந்தியிருந்து நாவல் வாசித்த பெண்களைக் கண்டோம். முதலில் எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. பிறகு யோசித்தோம். விடிய நாலரைக்கு எழும்பி, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, வேலைக்குப் போய், வந்து திரும்பவும் சமைக்கிற ஒரு மனுசிக்கு வெறுமனே இருக்க அனுமதி கிடைத்த ஒரே இடம் அந்த வரிசைதான். வரிசையில் நிற்கிற ஆளை யாரும் "தேத்தண்ணி போடு" என்று கூப்பிட ஏலாது.

அமெரிக்க ஆய்வாளர் ஜனிஸ் ராட்வே 1984இல் காதல் நாவல் வாசகிகள் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். ஒரு சிறு நகரத்துப் பெண்களிடம் போய், ஏன் இவற்றை வாசிக்கிறீர்கள் என்று கேட்டார். நாயகன், முத்தம், முடிவு என்றெல்லாம் மறுமொழி வரும் என்று நாங்கள் நினைப்போம். ஆனால் அவர்கள் பலரும் கதைக்குள் என்ன இருக்கிறது என்பதைவிட வாசிக்கிற நேரத்தைப் பற்றித்தான் கதைத்தார்கள். மனைவி, தாய் என்ற வேலைகளில் இருந்து கொஞ்ச நேரம் விலகி இருக்க, 'இது என்ர நேரம்' என்று சொல்ல, புத்தகம் உதவுகிறதாம். நாடும் மொழியும் வேறு. ஆனாலும் அதை அறிந்தபோது அந்த காஸ் வரிசைதான் எங்களுக்கு நினைவு வந்தது.

ஆகவே காதல் நாவல் வாசிக்கிற ஆளை நக்கலடிக்கிற முன், அந்த ஆளுக்கு ஒரு நாளில் எத்தனை நிமிசம் சொந்தமாக இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இங்கேயே நிறுத்தினால் அது பொய்யாகிவிடும். புத்தகங்களுக்குள்ளும் போகத்தான் வேண்டும்.

எங்களுக்கு அந்தக் கதைகளின் அச்சு மனப்பாடம். அவன் பெரிய கொம்பனி முதலாளி, கோவக்காரன். யாரோ ஒரு பெண் முன்பு அவனை ஏமாற்றியிருப்பாள், அதனால் எல்லாப் பெண்களிலும் சந்தேகம். அவள் ஏழை, ரோசக்காரி, அழகி என்று அவளுக்கே தெரியாது. ஏதோ ஒரு கட்டாயத்தில் கலியாணம் நடக்கும். அவன் குத்திக்குத்திக் கதைப்பான், கையைப் பிடித்து முறுக்குவான், சிலவேளை அறைவான். அவள் அழுவாள், ஆனால் அவன் சாப்பிட்டானா என்றும் பார்ப்பாள். கடைசியில் ஒரு விபத்தோ காய்ச்சலோ வரும். அவன் அவளது கையைப் பிடித்து, உன்னில் உயிரையே வைத்திருந்தேன், அதனால்தான் அவ்வளவு கோவம் என்பான். முற்றும்.

எல்லா நாவலும் இப்படி இல்லை. ஆனால் நிறைய இப்படித்தான். இதை வாசித்து நாங்கள் அழுதும் இருக்கிறோம், அதையும் மறைக்கவில்லை.

எங்களில் இன்னொருத்திக்கு இது கதையாக மட்டும் இருக்கவில்லை. (அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம். பெயர் வேண்டாம் என்றாள்.) ஏ.எல். முடித்த வருடம் அவளுக்கு ஒருவன் பழக்கமானான். முதலில் வட்ஸ்அப்பில் கடைசியாக எத்தனை மணிக்கு வந்தாய் என்று கேட்டான். பிறகு பேஸ்புக் பாஸ்வேர்ட் கேட்டான். பிறகு எங்களோடு கதைக்கக் கூடாது என்றான். ஒருநாள் பஸ் ஹோல்ட்டில் வைத்துக் கையைப் பிடித்து இழுத்ததில் வளையல் உடைந்து வெட்டியது. நாங்கள் கேட்டபோது அவள் சொன்னது எங்களுக்கு இன்றும் காதுக்குள் நிற்கிறது: "அவனுக்கு என்னில சரியான விருப்பம். அதுதான் கோவம் வருது."

அந்த வசனம் எங்கே இருந்து வந்தது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதே புத்தகங்களை நாங்களும் மாறி மாறி வாசித்தவர்கள்தானே.

நாங்கள் சொன்ன எதுவும் அவளுக்கு ஏறவில்லை. ஏறினது அவளுடைய பெரியம்மா சொன்னது. பெரியம்மா எங்கள் எல்லோரையும்விடப் பெரிய காதல் நாவல் வாசகி. இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு போனில் பீடிஎப் வாசிக்கிறா. அவ உடைந்த வளையலையும் கையையும் பார்த்துவிட்டு, கனநேரம் ஒன்றும் பேசாமல் இருந்து, பிறகு சொன்னாவாம்: "பிள்ளை, புத்தகத்தில கோவக்காரன் 180ஆம் பக்கத்தில திருந்துவான். 190இல கதை முடிஞ்சிடும். வீட்டில பக்கம் முடியாது."

அவ்வளவுதான். அவள் உடனே அவனை விட்டுவிடவில்லை, இரண்டு மூன்று மாதம் எடுத்தது. ஆனால் அந்த வசனத்துக்குப் பிறகு அவளால் பழைய மாதிரி நினைக்க முடியவில்லையாம்.

இதில் நாங்கள் விளங்கிக்கொண்ட ஒன்று உண்டு. காதல் நாவல்கள் பெட்டைகளைக் கெடுக்கும் என்று சொல்பவர்கள் அவளைக் காட்டுவார்கள். ஆனால் ஐந்நூறு நாவல் வாசித்த பெரியம்மாவை என்ன செய்வது? மருந்து சொன்னதும் அதே புத்தகங்களை வாசித்த ஆள்தானே. இரண்டு பேருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் புத்தகம் இல்லை. பெரியம்மா அந்தப் புத்தகங்களைத் தன்னுடைய முப்பது வருடக் குடும்ப வாழ்க்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறா. இவளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒன்றும் இல்லை. ஒளித்து வாசித்தாள், ஒளித்து அழுதாள், ஒளித்து நம்பினாள். "இவன் ஏன் அறைகிறான்? இவள் ஏன் பொறுக்கிறாள்?" என்று ஒருவரிடமும் கேட்க ஏலாது. கேட்டால் முதலில் "உனக்கு ஏன் இந்தப் புத்தகம்?" என்றுதான் வரும்.

ஆபத்து நாவலில் இருக்கிறது என்பதைவிட, அதை வெட்கப்பட்டுத் தனியாக வாசிக்க வைப்பதில் இருக்கிறது என்பதுதான் எங்கட கருத்து. பறித்து அலுமாரிக்கு மேலே வைத்தால் பிள்ளை வாசிக்கிறதை நிறுத்தாது, அதைப் பற்றிக் கதைக்கிறதைத்தான் நிறுத்தும். இப்போது பறிக்கவும் ஏலாது. பிரதிலிபி மாதிரிச் செயலிகளில் இரவிரவாகத் தொடர்கதை வருகிறது. போன் வெளிச்சத்தில் போர்வைக்குள் வாசிக்கிற பிள்ளையை எந்த அம்மாவும் கண்டுபிடிக்க மாட்டா.

காதல் கதை எங்களுக்கு வெளியில் இருந்து வந்த பழக்கம் என்று ஒரு கதையும் இருக்கிறது. அதுவும் சரியில்லை. திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை 'மோகனாங்கி'யை எழுதியது 1895இல். நாயக்கர் காலத்தில் நடக்கிற காதல் கதை அது. ஈழத்தவர்கள் தமிழில் நாவல் எழுதத் தொடங்கிய காலத்திலேயே காதல் வந்துவிட்டது.

1914இல் மங்களநாயகம் தம்பையா 'நொறுங்குண்ட இருதயம்' எழுதினார். ஈழத்தில் ஒரு பெண் எழுதிய முதல் தமிழ் நாவல் என்று அதைச் சொல்கிறார்கள். கண்மணி என்ற பெண் கலியாணத்துக்குப் பிறகு கணவனிடம் படுகிற பாடுதான் அதில் வருகிறது. யோசித்துப் பாருங்கள், நூறு வருடத்துக்கு முந்தி ஒரு பெண் கணவனின் கொடுமையைக் கொடுமை என்றே எழுதிவிட்டார். புத்தகத்தின் பெயரிலேயே இருதயம் நொறுங்கிப்போய்விட்டது. நாங்களோ 2020களில் இருந்துகொண்டு, கையை முறுக்குகிறவனை 'ஆன்டி ஹீரோ' என்று அழைத்து ஸ்டேட்டஸ் போடுகிறோம்.

1970களின் தொடக்கத்தில் இந்தியப் புத்தகங்கள், சஞ்சிகைகளின் இறக்குமதி இங்கே கட்டுப்படுத்தப்பட்டது. அந்தக் காலத்தில் வீரகேசரி பிரசுரங்களாக எங்கட எழுத்தாளர்களின் நாவல்கள் வரிசையாக வந்தன. அதில் ஒன்று 1973இல் வந்த அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'. முல்லைத்தீவுப் பக்கத்துத் தண்ணிமுறிப்பில் நடக்கிற கதை. கதிராமனும் பதஞ்சலியும் காட்டோரத்து ஆட்கள். அவனுக்குக் கொம்பனி இல்லை, கார் இல்லை. காடும் கமமும் மழையும்தான். எங்களைப் பிடித்து நிறுத்தியது என்னவென்றால், அங்கே கலியாணத்தோடு கதை முடியவில்லை. பெரிய சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. பெரியம்மா சொன்ன 'முடியாத பக்கம்' இப்படியான நாவல்களில்தான் இருக்கிறது என்று நினைத்தோம்.

இதைச் சொல்வது "அதை விட்டுவிட்டு இதை வாசி" என்பதற்காக இல்லை. அப்படிச் சொன்னால் நாங்களும் இன்னொரு அலுமாரிக்கு மேலே புத்தகத்தைத் தூக்கி வைக்கிறவர்கள் ஆகிவிடுவோம். இரண்டையும் ஒரே ராக்கையில் வையுங்கள் என்கிறோம். இது பிடித்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். பழைய ஈழத்து நூல்கள் கைக்குக் கிடைப்பது கஷ்டம்தான். ஆனால் 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளத்தில் ஏராளமானவை இலவசமாக இருக்கின்றன. தேடிப் பாருங்கள்.

போன தைப்பொங்கலுக்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கட சின்ன வாசிப்பு வட்டத்தில் முதல்முறையாகக் குடும்ப நாவல் ஒன்றை எடுத்தோம். வழமையாக ஏழெட்டுப் பேர் வருவோம். அன்றைக்குப் பத்தொன்பது பேர். இரண்டு அன்ரிமார் வந்தார்கள். மூன்று பெடியன்களும் வந்தார்கள். ஒருவன் கடைசியில் மெதுவாகச் சொன்னான்: "அக்கா கொண்டுவாற எல்லாத்தையும் நானும் வாசிக்கிறனான். சிநேகிதர்மாருக்குத் தெரியாது." அவனுடைய அடுத்த வசனம்தான் எங்களைக் குலுக்கியது. "கோவப்பட்டாத்தான் ஆம்பிளையை லவ் பண்ணுவினம் எண்டு நான் உண்மையா நினைச்சுக்கொண்டிருந்தனான்." இந்தக் கதைகள் பெட்டைகளுக்குப் பொறுமையைச் சொல்லிக் கொடுக்கிற அதே நேரத்தில் பெடியன்களுக்கு என்ன சொல்லிக் கொடுக்கின்றன என்று அதுவரை நாங்கள் யோசித்ததே இல்லை.

அன்றைக்கு நாங்கள் பெரிய கோட்பாடு ஒன்றும் கதைக்கவில்லை. நாலு கேள்வி மட்டும் வைத்தோம். அவன் கோவப்படும்போது அவளுக்கு வெளியே போக வழி இருந்ததா? அவளுக்குச் சொந்தக் காசு இருந்ததா? அவளுக்கு ஒரு சிநேகிதியாவது இருந்தாளா? 'முற்றும்' போட்டு ஒரு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கும்? கடைசிக் கேள்விக்கு ஆளாளுக்கு ஒரு கதை சொன்னார்கள். சில கதைகளுக்கு விழுந்து விழுந்து சிரித்தோம். சிலவற்றுக்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இரண்டு மணித்தியாலம் என்று தொடங்கினது இருட்டும்வரை போனது.

நீங்களும் செய்து பாருங்கள். வட்டம் எல்லாம் வேண்டாம், வீட்டிலேயே ஒரு ஆள் போதும்.

தொடக்கத்தில் சொன்னவள் அதைத்தான் செய்தாள். போன மாதம் வீட்டுக்குப் போனபோது, தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், "அம்மா, அண்டைக்கு என்னட்டப் பறிச்ச நாவலை நீங்க வாசிச்சு முடிச்சனீங்களோ?" என்று கேட்டாளாம். அம்மா முதலில் "எந்த நாவல்?" என்றாவாம். பிறகு சிரித்தாவாம். பிறகு திருவலையை நிறுத்தாமலே சொன்னாவாம்: "முடிச்சனான். முடிவு எனக்குப் பிடிக்கேல்லை. கலியாணம் முடிச்சவுடன அவள் வேலையை விட்டிருக்கக் கூடாது."

அம்மா கலியாணத்துக்கு முன் சங்கக்கடையில் கணக்கு எழுதினவா. அது இவளுக்கு அன்றைக்குத்தான் தெரியுமாம்.